சிசியை அளக்கிறார்கள், பையனை அளப்பதில்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பாதையில் ஏதாவதொரு வளைவில் நின்று பாருங்கள். ஜவ்வாது மலையின் அமைதியைக் கிழித்துக்கொண்டு பைக்குகள் பறக்கும். வேலூர், திருவண்ணாமலை, சென்னை, பெங்களூர் என்று பல ஊர் நம்பர் பிளேட்டுகள். கையுறைகூட இல்லாமல் வண்டியைச் சாய்த்து முழங்காலைத் தரையில் தொட்டுப் பார்க்கிறான் ஒருவன். அதைச் செல்போனில் படம் பிடிக்கிறான் இன்னொருவன். எதிரே அரசுப் பேருந்து வரலாம். சாமை மூட்டை ஏற்றிய வேன் வரலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரமாக நடந்து வரலாம். அந்த மலை மக்களுக்கு அது ரேஸ் டிராக் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற வழி.

இதற்கு எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் அறிவுரை: "ரேஸ் ஓட்டணும்னா டிராக்குக்குப் போங்கடா!"

சரி, போகட்டும். எந்த டிராக்குக்கு? எந்த வகுப்பில்? எந்த வண்டியில்? அறிவுரை சொல்கிற யாரிடமும் இதற்குப் பதில் இல்லை. சாலையில் ரேஸ் விட்டால் என்ன தண்டனை என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனையை எழுதிவைத்தவர்கள், மாற்று வழியை எழுதவில்லை.

தமிழ்நாட்டில் ரேஸ் என்றால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்குப் பிறகு, 1990இல் உருவான 3.7 கிலோமீட்டர் டிராக். அதைவிட்டால் கோயம்புத்தூர் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2011இல் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் ஓடிய முதல் இந்தியர் சரத்குமார் சென்னைக்காரர். 2023இல் புத் சர்க்யூட்டில் நடந்த இந்திய மோட்டோஜிபியில் மோட்டோ3 வகுப்புக்கு வைல்டு கார்டு பெற்ற கே.ஒய்.அகமதும் சென்னைக்காரர்தான். ரஜினி கிருஷ்ணன், ஜெகன்குமார், ராஜீவ் சேது எல்லோரும் அப்படியே. திறமை என்ன சென்னையில் மட்டுமா விளைகிறது? டிராக் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்!

டிராக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே ஏறுவதற்குப் படிக்கட்டு இருக்கிறதா? 2023இன் தேசிய சாம்பியன்ஷிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். புரோ ஸ்டாக் 165 சிசி, புரோ ஸ்டாக் 301-400 சிசி, 165 சிசியிலேயே புதியவர்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. இவற்றோடு கம்பெனிகள் தங்கள் சொந்த மாடல்களை வைத்து நடத்தும் ஒன்-மேக் பந்தயங்கள். இந்த வகுப்புகளைப் பிரிப்பது எது? எஞ்சினின் கொள்ளளவு. அல்லது ஷோரூமில் விற்கிற மாடல். ஓட்டுபவனின் வயது, எடை, அனுபவம், எத்தனை பந்தயம் விழாமல் முடித்தான் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

கம்பெனிகளைத் திட்டுவது இங்கே நோக்கமல்ல. அவர்கள் பணம் போடவில்லை என்றால் இந்தியாவில் பைக் ரேஸே இருந்திருக்காது. ஆனால் கம்பெனியின் வேலை வண்டி விற்பது. ரேஸ்காரனைப் படிப்படியாக வளர்ப்பது விளையாட்டை நடத்தும் சம்மேளனத்தின் வேலை. அந்த வேலையையும் விளம்பர பட்ஜெட்டிடம் ஒப்படைத்தால், மாடல் மாறும்போதெல்லாம் படியும் மாறும்.

இதில் பணயம் வைக்கப்படுவது என்ன என்று கேட்பவர்கள் 2023 ஆகஸ்ட் 5ஆம் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த ஸ்ரேயாஸ் ஹரீஷ், வயது 13. மினிஜிபி இந்தியா பட்டம் வென்றவன். இருங்காட்டுக்கோட்டையில் ரூக்கி பந்தயம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், முதல் திருப்பத்தைக் கடந்து வெளியே வரும்போது விழுந்தான். தலையில் பலத்த காயம். காப்பாற்ற முடியவில்லை. திறமை இல்லாமல் விழுந்த பையன் இல்லை அவன். சாலையில் கியர் வண்டி ஓட்ட லைசென்ஸ் வாங்க அவனுக்கு இன்னும் 5 வருடம் இருந்தது.

"விபத்துதானே, ரேஸ் என்றால் அப்படித்தான்" என்பார்கள். அந்த ஒரு விபத்துக்கு யார் பொறுப்பு என்பதல்ல இங்கே கேள்வி. இளம் வயதுப் பந்தயங்களின் அமைப்பே ஆபத்தைக் கூட்டுகிறதா என்பதுதான் கேள்வி. 2021ஐப் பாருங்கள். மே மாதம் முஜெல்லோவில் 19 வயது ஜேசன் டுபாஸ்கியர். ஜூலையில் அரகானில் 14 வயது ஹியூகோ மில்லான். செப்டம்பரில் ஹெரெஸில் 15 வயது டீன் பெர்த்தா வின்யாலெஸ். மூன்று பேரும் விழுந்த பிறகு, பின்னால் வந்த வண்டிகள் மோதி இறந்தவர்கள். மூன்றுமே சின்ன எஞ்சின் வகுப்புகள்.

இது தற்செயலா? எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே சக்தியுள்ள சின்ன வண்டி. பெரிய டிராக், நீண்ட நேர்ப்பாதை. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருகிறவன் அந்த நிழலில் ஒட்டிக்கொண்டு வருவான். யாரும் யாரையும் விட்டுத் தனியே போக முடியாது. தேனீக் கூட்டம் மாதிரி இருபது பேர் ஒரே திருப்பத்துக்குள் நுழைவார்கள். நடுவில் ஒருவன் விழுந்தால் அடுத்தவனுக்கு ஒதுங்க இடமில்லை. 'சின்ன சிசி என்றால் பாதுகாப்பு' என்ற நம்பிக்கை இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது. விலையுயர்ந்த ஹெல்மெட்டும் தோல் உடையும் இதற்குப் பாதி பதில்தான்.

உலக அமைப்பான எஃப்ஐஎம் அந்த ஆண்டே விழித்துக்கொண்டது. உலக சாம்பியன்ஷிப்புகளுக்குக் குறைந்தபட்ச வயது 2023 முதல் 18 என்று அறிவித்தது. இளையோர் பந்தயங்களில் ஒரே நேரத்தில் இறங்கும் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. வின்யாலெஸ் ஓடிய சூப்பர்ஸ்போர்ட் 300 வகுப்பே 2025 சீசனோடு முடிந்துபோனது.

"சின்ன வயதில் ஆரம்பிக்காவிட்டால் ரோசியும் மார்க்கெஸும் எப்படி வருவார்கள்?" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் எதில் ஆரம்பித்தார்கள்? குட்டி பைக்குகளில், குட்டி டிராக்குகளில். வேகம் குறைவு, விழுந்தால் அடி குறைவு. பிரேக்கும் சாய்வும் கண் பார்வையும் ஆயிரம் தடவை பழகிய பிறகுதான் பெரிய டிராக். வயதுக்கும் டிராக்குக்கும் உள்ள அந்தப் பொருத்தம்தான் படிக்கட்டு. 2022இல் மினிஜிபி இந்தியாவுக்கு வந்தது நல்ல விஷயம். ஆனால் நாடு முழுவதற்கும் ஒரு தொடர் போதுமா? ஜமுனாமரத்தூர் பையனுக்கு அது எந்த ஊரில் நடக்கிறது என்றாவது தெரியுமா?

விதியை மாற்றுவது லேசில்லை என்று சொல்லாதீர்கள். புதுமுகம் ஃபேக்டரி டீமில் சேரக்கூடாது என்று மோட்டோஜிபியில் 2010இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். மார்க்கெஸ் வரும் நேரத்தில், 2012இலேயே அதைத் தூக்கிவிட்டார்கள். 2013இல் அவர் ரெப்சால் ஹோண்டாவில் சேர்ந்தார், 20 வயதில் பட்டமும் வென்றார். ஒரு நட்சத்திரத்துக்காக விதி அவ்வளவு சீக்கிரம் வளையும் என்றால், நூறு பையன்களின் உயிருக்காக வளையாதா?

கேட்பது வானத்து நிலாவை அல்ல. 3.7 கிலோமீட்டர் டிராக்கில் இறங்க, சின்ன டிராக்கில் இத்தனை பந்தயம் ஒழுங்காக முடித்திருக்க வேண்டும் என்று லைசென்ஸ் விதி கொண்டுவாருங்கள். புதியவர்கள் வகுப்பில் பட்டம் வென்றவனை மறு ஆண்டு கட்டாயமாக மேலே ஏற்றுங்கள். கோப்பைக்காக அங்கேயே குந்தியிருக்க விடாதீர்கள். சிறுவர் பந்தயங்களில் வண்டி எண்ணிக்கைக்குக் கறாரான வரம்பு வையுங்கள். 165க்கும் 400க்கும் நடுவில் ஒரு படி போடுங்கள். வேலூரிலோ திருவண்ணாமலையிலோ ஒரு கார்ட்டிங் டிராக் அளவுக்கு இடம் ஒதுக்கி, வாடகை வண்டியும் வாடகை உடையும் ஒரு பயிற்சியாளரும் கிடைக்க வழி செய்யுங்கள். கோடை விழாவுக்கு மேடை போடத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியமா?

அதுவரைக்கும் "டிராக்குக்குப் போடா" என்பது அறிவுரை இல்லை, கை கழுவல். முதல் படியை யாரும் கட்டாத ஊரில் பையன்கள் முதல் படியாக மலைப்பாதையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்கான விலையைச் சில நேரம் அவர்கள் கொடுப்பார்கள். சில நேரம், பைக்கே வாங்காத ஒரு மலைக்காரர் கொடுப்பார்.