கார் பட்டி மாதிரி விமானத்துக்கு ஆகுமா?

பிளாஸ்டிக் மாதிரி விமானமோ கப்பலோ செய்பவர்களுக்குத் தெரிந்த தொல்லை இது. இரண்டு பாதிகளை ஒட்டியதும் நடுவில் ஓர் இடைவெளி கோடாகத் தெரியும். அதை அடைக்கப் பலர் நாடுவது, காரின் ஒடுக்குகளில் பூசும் பட்டி. மலிவு, அளவும் அதிகம். இதில் தவறில்லை. ஆனால், அது எப்படி இறுகுகிறது என்று தெரியாமல் வாங்கக்கூடாது.

குழாயில் அப்படியே பிதுக்கிப் பூசும் பட்டி ஒரு வகை. அதிலுள்ள டொலுயீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் ஆவியாகிப் போவதால்தான் அது காய்கிறது. போன கரைப்பானின் அளவுக்குப் பட்டி சுருங்கும். பெரும்பாலான மாதிரிகள் பாலிஸ்டைரீனால் ஆனவை. அந்தப் பிளாஸ்டிக்கையும் இதே கரைப்பான்கள் இளக்கிவிடும். தடிமனாக அப்பினால், நேற்று வழவழப்பாக இருந்த இறக்கையில் சில நாளில் பள்ளம் விழும்.

மற்றொன்று, பசையும் இறுக்கியும் தனித்தனியாக வருவது. கலந்ததும் வேதிவினை தொடங்கி, சூடு பிறந்து, சில நிமிடங்களில் கெட்டியாகும். சுருக்கம் மிகக் குறைவு. ஆழமான இடைவெளிக்கு இதுவே ஏற்றது என்பேன். குழாய்ப் பட்டி கீறல்களுக்கு மட்டும் போதும், அதுவும் மெல்லிய பூச்சாக. எதுவானாலும், பாகங்கள் கோத்து வரும் சட்டத்துண்டில் முதலில் பூசிப் பாருங்கள்.

மாதிரி கெட்டால் இன்னொன்று வாங்கலாம். நுரையீரலுக்கு அப்படி முடியாது. கலவைப் பட்டியின் பசையில் ஸ்டைரீன் இருக்கிறது. மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை வகைப்படுத்தியுள்ளது. கார் பட்டறை திறந்தவெளி. நம் அடுக்குமாடி வீட்டிலோ சன்னலைச் சாத்தி, குளிர்சாதனத்தைப் போட்டு, பிள்ளைகள் தூங்கும் அறையிலேயே இந்த வேலை நடக்கிறது. வீட்டுக் குளிர்சாதனம் பெரும்பாலும் அறைக்காற்றையே சுழற்றும், ஆவியை வெளியேற்றாது. சாதாரண முகக்கவசமும் ஆவியைத் தடுக்காது.

ஆகவே, காற்றோட்டமுள்ள இடத்தில் கலந்து பூசுங்கள். முழுதும் இறுகும்வரை அங்கேயே விடுங்கள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. சிறுவர்களிடம் டின்னைக் கொடுக்காதீர்கள். தேய்க்கும் வேலையைக் கொடுங்கள். பொறுமையையும் அதில்தான் கற்பார்கள்.