15 நாள் அவகாசம் யாருக்கு?

நகராட்சியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கட்டட அனுமதியில் கையெழுத்துப் போட்ட அதே பேனாவால் இடிப்பு ஆணையும் எழுதியிருக்கிறேன். இடிப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. மௌலிவாக்கத்தில் 2014-இல் அடுக்குமாடி சரிந்து 61 பேர் மாண்டார்கள். பக்கத்தில் நின்ற இன்னொன்றை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது செய்தே ஆக வேண்டிய வேலை.

ஆனால், குற்றச்சாட்டுக்கு ஆளானவரின் வீட்டு வாசலில் உடனே புல்டோசரைக் கொண்டுபோய் நிறுத்துவதும், அதையே தேர்தல் கூட்டத்தில் வீரத்தின் சின்னமாக நிறுத்திவைப்பதும் சில மாநிலங்களில் நடந்தன. கேட்டால், அனுமதியில்லாத கட்டடம் என்றார்கள். பல வருடம் கண்டுகொள்ளாத விதிமீறலை எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு தேடி எடுப்பது பழிவாங்கல்தான். அந்த வீட்டில் அவருடைய தாயும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன?

உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு 2024 நவம்பர் 13 அன்று இதற்குக் கடிவாளம் போட்டது. 15 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். பதிவுத் தபாலில் அனுப்பி, சுவரிலும் ஒட்ட வேண்டும். இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். மீறினால் அதிகாரி தன் சொந்தப் பணத்தில் ஈடுகட்ட வேண்டும். நான் பணியில் இருந்த காலத்தில் இப்படியொரு தீர்ப்பு இருந்திருந்தால், மேலிடத்துத் தொலைபேசிக்குப் பதில் சொல்லத் தெம்பு இருந்திருக்கும்.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. சாலை, நடைபாதை, ரயில் பாதை, நீர்நிலை ஆக்கிரமிப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சென்னையில் ஏழைகளின் வீடுகள் பல இருப்பது அங்கேதான். கூவம் கரையின் சத்தியவாணிமுத்து நகரை 2019 டிசம்பரில், பள்ளிக்கூட வருடத்தின் நடுவில் காலிசெய்து, 20 கி.மீ.க்கும் அப்பால் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஆற்றங்கரையில் யாரும் குடியிருக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளம் வந்தால் முதலில் போவது அவர்கள் உயிர். அதற்காக அவசரமாகப் பிடுங்கி எறியலாமா?

ஜேசிபி வந்து நின்ற பிறகு ஜனங்கள் என்னென்ன எடுப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன். ரேஷன் கார்டு, சிலிண்டர், பிள்ளையின் மார்க் ஷீட். பிறகு கதவைக் கழற்றிக்கொள்ள அரைமணி நேரம் கேட்பார்கள், விற்றால் காசாகும் பொருள் அது ஒன்றுதான் என்பதால். மாடி வீட்டுக்காரருக்கு உள்ள 15 நாள் இவர்களுக்கும் வேண்டும். ஆண்டுத் தேர்வு முடியும்வரை எந்தக் குடியிருப்பிலும் இயந்திரம் நுழையக் கூடாது என்று தமிழக அரசே ஆணை போடலாம். இதற்கு எந்த நீதிமன்றமும் தடை சொல்லாது.