முக்காலி வேண்டாத விமானம்

புது வீடு கட்டிய சிநேகிதர் ஒருவர் சமீபத்தில் என்னைச் சாப்பிட அழைத்திருந்தார். கூடம், மாடி, வராந்தா எல்லாவற்றையும் பெருமையோடு சுற்றிக் காட்டினார். சமையலறைக்கு வந்ததும் அவருடைய மனைவி மெல்லச் சொன்னார்: "எல்லாம் அழகாய்த்தான் இருக்கிறது. பருப்பு டப்பாவை எடுக்கத்தான் முக்காலி போட்டு ஏற வேண்டியிருக்கிறது. அலமாரி அடிக்கும்போது என்னை யாரும் கேட்கவில்லை!"

எனக்கு உடனே ஓர் ஆகாய விமானம் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், சம்பந்தம் இருக்கிறது.

கனடாவின் வடபகுதியில் ஏரிகளும் காடுகளும் அதிகம், ரோடுகள் சொற்பம். தபால், மாவு மூட்டை, டாக்டர், பிரசவத்துக்குப் போகும் பெண், எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் சிறு விமானம்தான் கதி. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம், டொராண்டோவிலிருந்த டி ஹாவிலண்ட் கம்பெனியார் இந்தப் பிரதேசத்துக்கென்றே ஒரு விமானம் செய்ய முனைந்தார்கள். விற்பனைப் பகுதித் தலைவரான பஞ்ச் டிக்கின்ஸ், அந்தக் காடுகளின் மேல் பறந்து பழுத்த விமானி. அவர் மற்ற விமானிகளிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார்.

வேகத்தை அவர்கள் பெரிதாக நினைக்கவில்லை. நாய்கள் இழுக்கும் பனிவண்டியைவிட வேகமாகப் போனால் போதும் என்றாராம் ஒருவர்! கொஞ்ச இடத்தில் கிளம்ப வேண்டும், கொஞ்ச இடத்தில் இறங்க வேண்டும், நிறையச் சுமக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை.

அப்படிப் பிறந்ததுதான் 'பீவர்'. 1947 ஆகஸ்டு 16-ந் தேதி முதன்முதலாகப் பறந்தது. ஒரே இஞ்சின், 450 குதிரைச் சக்தி. ஓடுபாதையில் சுமார் 600 அடி ஓடினால் எழும்பிவிடும். தரைக்குச் சக்கரம், பனிக்குச் சறுக்குக் கட்டை, ஏரிக்கு மிதவை என்று காலை மாற்றிக்கொள்ளும். இரு பக்கமும் கதவு. பெட்ரோல் பீப்பாயை அப்படியே உருட்டி ஏற்றலாம்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தக் குளிரில் இஞ்சின் எண்ணெய், மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெய் மாதிரி கெட்டியாகிவிடும். பழைய நாளில் விமானிகள் ராத்திரி அதை வடித்து வைத்து, காலையில் அடுப்பில் காய்ச்சி ஊற்றுவார்கள். பீவரில் எண்ணெய் ஊற்றும் வாய் விமானியின் அறைக்குள்ளேயே இருக்கிறது. பறந்துகொண்டே ஊற்றலாம்! பெட்ரோல் தொட்டிகளும் தரைக்கடியில் இருப்பதால், பனியில் ஏணி வைத்து இறக்கைமேல் ஏற வேண்டாம். அதாவது, முக்காலி வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. இஞ்சின் போடும் இரைச்சலில் பக்கத்திலிருப்பவரோடு பேசுவது கஷ்டம். ஆனாலும் 1967-ல் உற்பத்தி நிற்பதற்குள் 1,600-க்கு மேல் செய்தார்கள். 1956-58-ல் ஹில்லாரியின் கோஷ்டியோடு தென்துருவப் பனிக்கும் ஒன்று போயிற்று. 2019 டிசம்பரில் வான்கூவர் அருகே ஒரு பழைய பீவருக்கு மின்சார மோட்டார் பொருத்திப் பறக்கவிட்டார்கள். இன்றும் பல பீவர்கள் ஏரிகளில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கின்றன.

சாப்பாட்டின்போது இந்தக் கதையைச் சொன்னேன். சிநேகிதர் வாயைத் திறக்கவில்லை. ரசத்தை மட்டும் இன்னொரு கரண்டி கேட்டார். அடுத்த மாதம் போனபோது அலமாரி ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது.