அடுப்புக்கேற்ற விளம்பரம்

பெங்களூரில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் புதிய தொழில் ஒன்று தலைகாட்டியிருக்கிறது. கணவர் அலுவலகத்துக்கோ ஆலைக்கோ கிளம்பிய பின், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின், வீட்டுச் சமையலறையிலேயே கேக் செய்து விற்கும் தொழில் அது. வாடகை, பால், பள்ளிக் கட்டணம், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம் என்று ஒற்றைச் சம்பளம் இருபதாம் தேதிக்குள் கரைந்துவிடும் வீட்டில், மாதம் நாலைந்தாயிரம் ரூபாய் கூடுதலாக வந்தால் அது சிறிய உதவியல்ல. அந்த வகையில் இம்முயற்சி வரவேற்கத்தக்கதே.

ஆனால், கேக் நன்றாக இருந்தும் தொழில் நின்றுபோவதுண்டு. செய்யும் முறையில் குறையில்லை. விற்கும் முறையில்தான் குறை.

ஒரு குமாஸ்தாவின் மனைவி இத்தொழிலில் இறங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், பெரும்பாலும் கதை இப்படித்தான் போகும். பத்து நாள் பயிற்சி வகுப்பு முடிகிறது. கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகிறது. ஓவன், மாவடிக்கும் இயந்திரம், தகரத் தட்டுகள் எல்லாம் வந்து சேருகின்றன. மிச்சமிருக்கும் பணத்தில் வழவழப்பான அட்டைகள் அச்சாகின்றன. கைபேசியில் பணம் கட்டி விளம்பரமும் போடப்படுகிறது. அதில் காட்டும் மூன்றடுக்குக் கேக்கின் படம் அவர் செய்ததன்று, எங்கிருந்தோ எடுத்தது. முதல் வாரம் அழைப்பே இல்லை. பிறகு அழைப்பு வருகிறது. அதுவோ எலகங்காவிலிருந்தும் ஒயிட்பீல்டிலிருந்தும். ஆட்டோக் கூலி லாபத்தைத் தின்றுவிடுகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரே நாளுக்கு இருபது ஆர்டர்கள் குவிகின்றன. அடுப்பு தாங்கவில்லை. ஆறாத கேக்கின் மேல் பூசிய கிரீம் வழிகிறது. பணத்தைத் திருப்பித் தர நேர்கிறது. பொங்கல் வருவதற்குள் ஓவன் மேல் துணி போர்த்தப்படுகிறது. சங்கிலி மட்டும் அடகுக் கடையிலேயே இருக்கிறது.

இதில் தவறு எங்கே? விளம்பரம் செய்ததில் தவறில்லை. சொல்லாமல் எந்தச் சரக்கும் விற்காது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது போல, அடுப்புக்குத் தகுந்த விளம்பரம் வேண்டும் என்பதை மறந்ததே தவறு.

அடுப்பின் கணக்கு

வீட்டு ஓவனில் ஒரு தடவைக்கு ஒரு கிலோ கேக் ஒன்று, அல்லது அரைக்கிலோ கேக் இரண்டு வேகும். வேக முக்கால் மணி நேரம். முழுவதும் ஆறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம். அதன் பிறகே ஐசிங் வேலை. வீட்டுச் சமையலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு தனியாளாக வேலை செய்யும் பெண்மணி, நாளொன்றுக்கு மூன்று நான்கு கேக்குகளுக்கு மேல் ஒழுங்காக முடிப்பது கடினம். நாலு கேக் செய்யக்கூடிய அடுப்புக்கு நாற்பது பேரைக் கூவி அழைப்பது தொழிலாகாது. வராத வாடிக்கையாளரால் வரும் நஷ்டம் சிறிது. வந்து ஏமாந்து போனவரால் வரும் நஷ்டமே பெரிது. அவர் தாம் மட்டும் போவதில்லை. பத்துப் பேரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆகவே, எத்தனை முடியும் என்பதை முதலில் கணக்கிட்டு, அத்தனைக்கு மட்டும் ஆர்டர் எடுப்பதே நல்லது. "இந்த நாளுக்கு இடமில்லை" என்று சொல்வதுகூட ஒரு விளம்பரந்தான். பண்டத்துக்குக் கிராக்கி இருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

எதை விற்பது என்பதிலும் இக்கணக்கு உதவும். கிரீம் கேக்கை அன்றன்றைக்கே செய்து, அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். ஊறவைத்த உலர்பழங்கள் சேர்த்த பிளம் கேக் சில வாரங்கள் கெடாமலிருக்கும். நவம்பரிலேயே ஆர்டர் வாங்கி, நாளுக்கு இரண்டாகச் செய்து அடுக்கினால், டிசம்பர் 24-ஆம் தேதி இரவு அடுப்பங்கரையில் அழ வேண்டியதில்லை. சிறிய அடுப்புக்கு ஏற்ற பண்டம் அதுவே.

நான்கு தெருவே சந்தை

ஊர் முழுவதும் தெரிய வேண்டும் என்ற ஆசை இயல்பானது. எனினும், நடந்து போய்க் கொடுத்துவிட்டு வரக்கூடிய நான்கு தெருக்களே புதிய தொழிலின் சந்தை. பெங்களூர்ச் சாலைகளில் இருசக்கர வண்டியின் முன்புறம் வைத்த கேக், ஐந்து மைல் தாண்டி உருக்குலையாமல் போய்ச் சேருவது அதிருஷ்டத்தைப் பொறுத்தது.

நான்கு தெருவுக்கு விளம்பரம், கையளவு துண்டுக் கேக். பெரிய கேக் ஒன்றைச் செய்து இருபது துண்டுகளாக்கி, பேரும் கைபேசி எண்ணும் எழுதிய தாளில் சுற்றி இருபது வீடுகளுக்குக் கொடுத்தால், கைபேசி விளம்பரத்துக்குக் கட்டும் பணத்தில் ஒரு பங்குகூட ஆகாது. படத்தைப் பார்த்தவர் மறந்துவிடுவார். தின்று பார்த்தவர் மறக்கமாட்டார்.

அடுத்தது கணவரின் அலுவலகம். அரசு ஊழியர்கள் மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு பெறுகிறார்கள். யாருக்கு எந்த மாதம் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். பிரிவுபசாரத்துக்குப் பணம் வசூலிப்பவரும் பெரும்பாலும் ஒரு குமாஸ்தாவாகவே இருப்பார். பதினைந்து நாள் முன்னதாக அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். ஒரு பிரிவுபசாரக் கேக்கை நாற்பது ஐம்பது பேர் ருசி பார்க்கிறார்கள். இதைவிட மலிவான விளம்பரம் எந்தப் பத்திரிகையிலும் கிடைக்காது.

அண்டை வீட்டார் கொடுத்த ஆர்டர்களின் தேதிகளைச் சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பதும் அவசியம். பிறந்த நாள் ஆண்டுதோறும் வருவது. சென்ற ஆண்டு கேக் வாங்கிய வீட்டுக்கு, இந்த ஆண்டு ஒரு வாரம் முன்னதாக மரியாதையோடு ஒரு செய்தி அனுப்பினால், அது தொல்லையாகத் தோன்றாது; ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று மகிழ்வார்கள்.

மொழி வேலி

பிழைக்க வந்த ஊரில் தமிழர் பலர் செய்யும் ஒரு பிழை, தமிழருக்கு மட்டுமே விற்கப் பார்ப்பது. முதல் பத்து வாடிக்கையாளர் தமிழராக இருக்கலாம். பதினோராவது வாடிக்கையாளர் எதிர் வீட்டுக் கன்னடக்காரராக இருக்க வேண்டும்.

இதற்கு இந்த நகரத்திலேயே முன்னுதாரணம் உண்டு. ஹாசன் மாவட்டத்திலிருந்து வந்த திருமலாச்சார் என்பவர் 1898-ஆம் ஆண்டில் சிக்கப்பேட்டையில் பி.பி. பேக்கரியைத் தொடங்கினார். ஹாசன் பகுதி ஹெப்பார் ஐயங்கார்களின் வீட்டுப் பேச்சு ஒருவகைத் தமிழ். ஆனால், கடையில் அவர்கள் ஊரோடு ஒட்டி நின்றார்கள். முட்டை தொடாதவரும் வாங்கிச் சாப்பிடும்படியான கேக்கையும் பன்னையும் செய்தார்கள். இன்று "ஐயங்கார் பேக்கரி" என்பது ஒரு கடையின் பெயராக இல்லை. ஒரு ருசியின் பெயராகவே ஆகிவிட்டது. கொங்கு நாட்டு முதலியார் குடும்பம் 1905-ல் நீலகிரியில் தொடங்கிய நீல்கிரீஸ் நிறுவனமும், 1936-ல் பிரிகேட் ரோட்டுக்கு வந்த பிறகு பெங்களூர்க்காரர் அனைவருக்கும் சொந்தமான கடையாகவே விளங்கியது.

இன்றைய சிறு தொழிலுக்கும் இதில் பாடம் இருக்கிறது. வாசலில் மாட்டும் அட்டையில் "மனெயல்லி மாடித கேக்" என்று கன்னட எழுத்தில் பெரிதாக எழுதினால், தெருவில் போகும் யாரும் படிப்பார்கள். வர்த்தக நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று கர்நாடகச் சட்டம் 2024-ல் திருத்தப்பட்டது. சட்டத்துக்குப் பயந்து எழுதுவதைவிட வாடிக்கையாளரை எண்ணி எழுதுவது மேல். கன்னடம் எழுதத் தெரியாத தாய்க்கு, பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளை எழுதித் தரும்.

முட்டையில்லாத கேக் செய்பவர் அதையும் அட்டையில் சொல்ல வேண்டும். லிங்காயத்துக் குடும்பங்களிலும் மார்வாடிக் குடும்பங்களிலும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஆனால் பாத்திரம் வேறு, கரண்டி வேறு என்று உண்மையிலேயே வைத்திருப்பவர் மட்டுமே அதைச் சொல்லலாம்.

உண்மையே முதலீடு

பிறர் செய்த கேக்கின் படத்தைத் தம்முடையதாகப் போடுவதைச் சிலர் சிறிய விஷயமாக நினைக்கிறார்கள். சிறிய விஷயமன்று. உணவுப் பண்டத்தைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. சட்டம் வீடு தேடி வராமல் போகலாம். ஏமாந்த வாடிக்கையாளர் நிச்சயம் வருவார். சற்றுக் கோணலாக இருந்தாலும் சொந்தக் கேக்கின் படமே நல்லது. பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்து எடுத்தால் போதும்.

இதே சட்டத்தின்கீழ், வீட்டிலிருந்து உணவு விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2011-ல் வகுத்த விதிகளில், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு தொழிலுக்குப் பதிவு மட்டும் போதுமென்றும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் வைத்தார்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், நடப்பு விவரத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பதிவு செய்தால் 14 இலக்க எண் கிடைக்கும். பெட்டி மேல் அந்த எண்ணும், செய்த தேதியும், எதுவரை உண்ணலாம் என்பதும் இருந்தால், அறிமுகமில்லாதவரும் தயங்காமல் வாங்குவார். நூறு பளபளப்பான அட்டைகளைவிட அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

விலை குறைப்பது விளம்பரமா?

அறிமுகத்துக்காகப் பாதி விலை என்று தொடங்குவது மற்றொரு பொறி. பாதி விலைக்கு வாங்கியவருக்கு, முழு விலை சொல்லும்போது அது உயர்த்திய விலையாகத் தோன்றும். மாவு, சர்க்கரை, வெண்ணெய் இவற்றை மட்டும் கூட்டி விலை போடுவது அதைவிட மோசம். மின்சாரம், அட்டைப்பெட்டி, கருகிக் கெட்ட கேக், போய்வரும் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெண்மணியின் உழைப்பு, இவையெல்லாம் விலையில் அடங்க வேண்டும். வீட்டிலிருப்பவர் உழைப்புக்குக் கூலி எதற்கு என்று கேட்கும் கணவர், தமது அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அதிகம் உட்கார்ந்தால் ஓவர்டைம் கேட்காமல் எழுந்திருப்பதில்லை. வாங்குவோரிடம் பணம் குறைவென்றால் கேக்கைச் சிறியதாக்கலாம். விலையைப் பொய்யாக்கக் கூடாது.

தொடங்கும் பணத்துக்கும் நகையை அடகு வைப்பது ஒன்றே வழியன்று. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடில்லாமல் கடன் பெற வங்கிகளை அணுகலாம். எந்தக் கடனானாலும் அது அடுப்புக்கும் தட்டுக்கும் போகட்டும். விளம்பரச் செலவு விற்ற கேக்கின் லாபத்திலிருந்துதான் வர வேண்டும். முதல் ஐம்பது கேக்கும் வாய்மொழியிலேயே விற்ற பிறகு, அடுப்பில் இன்னும் இடமிருந்தால், பணம் கட்டி விளம்பரம் செய்வதைப் பற்றி யோசிக்கலாம்.

ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்தில் ஒரு பெண்மணி கேக் சுடத் தொடங்குவது வருமானத்துக்கு மட்டுமன்று. அதுவரை "தமிழ்க்காரர் வீடு" என்று மட்டும் அறிந்த தெரு, "கேக்கம்மா வீடு" என்று அறியத் தொடங்குகிறது. அந்தப் பெயரைப் பணம் கட்டி வாங்க முடியாது. சொன்ன நாளில், சொன்ன ருசியில், சொன்ன விலைக்குக் கொடுத்துத்தான் சம்பாதிக்க முடியும். அதைச் சம்பாதித்துவிட்டால், அடகுக் கடைச் சங்கிலியும் தானாக வீடு திரும்பும்.