ஊருக்கேற்ற மின்கலம்

முக்கூடலிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்று திரும்ப அறுபது கிலோமீட்டர்கூட ஆகாது. பீடி சுற்றுவோர் இலையும் தூளும் வாங்கி வருவதும், உழவர் வயலுக்குச் செல்வதும் அதனினும் குறுகிய பயணங்களே. ஆயினும், மின் இருசக்கர வண்டி வாங்க வருவோர் முதலில் வினவுவது, ‘ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்பதையே. உள்ளிருப்பது எவ்வகை மின்கலம் என்று கேட்பார் அரியர். இரவெல்லாம் வீட்டுக்கூடத்தில், உறங்கும் பிள்ளைகளின் அருகே மின்னேறும் பொருள் அது. ஆதலால் அவ்வினாவே முந்த வேண்டும்.

வண்டிகளில் பெரிதும் பயன்படும் லித்தியம் அயனி மின்கலங்கள் இருவகைப்படும். நேர்மின்முனையில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த ஆக்சைடு உடையது ஒன்று. இரும்பு பாஸ்பேட் உடையது மற்றொன்று. முன்னது கிலோகிராமுக்கு 200 முதல் 250 வாட்-மணி வரை ஆற்றலைத் தேக்கும்; பின்னது ஏறத்தாழ 160 வாட்-மணியே தேக்கும். தொலைவில் முன்னது வெல்லும் என்பதில் ஐயமில்லை. வெப்பம் மிகும்போது நிலை மாறுகிறது. ஆக்சைடு வகை அளவுமீறிச் சூடேறினால், தன்னுள் இருக்கும் ஆக்சிஜனை வெளிவிட்டுத் தீக்குத் தானே துணைபோகும். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்துள்ளமையால் எளிதில் விடுபடாது. மின்னேற்றிப் பயன்படுத்தும் சுற்றுகளும் இதற்கு மிகுதி. கடுங்குளிரில் இதன் திறன் குன்றும் என்பர். தாமிரபரணிக் கரையில் அக்குறை ஒரு பொருட்டன்று!

இத்தகைய சேர்மங்களுக்கு வழிதிறந்த ஆய்வை 1980களில் குட்இனஃபுடன் நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழகத்துச் சிற்றூரில் பிறந்த அவரே, 2019ஆம் ஆண்டு குட்இனஃப் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தினார்.

வடிவமும் கருதத்தக்கது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா நிறுவனம் உருவாக்கும் 4680 வகை, 46 மில்லிமீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை. உருளை பருத்தால் எண்ணிக்கை குறையும். நடுவிலுள்ள வெப்பம் வெளியேறும் வழியோ நீளும். சீனத்தின் பிஒய்டி நிறுவனம் 2020இல் கொணர்ந்த தட்டையான நெடுங்கலம் வெப்பத்தை விரைந்து பரப்பும்.

பாஸ்பேட் என்ற பெயர் மட்டுமே காப்பாகாது. கலங்களைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு பழுதுபட்டால் அதுவும் புகையும். 2022இல் வண்டிகள் சில தீப்பற்றிய பின்னரே, நடுவண் அரசு மின்கலப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. விலைப்பட்டியலில் மின்கல வகையையும் பெரிய எழுத்தில் பொறிக்க வேண்டுமென்று அவ்விதிகளோடு சேர்த்திருக்கலாம். இன்று வாங்குவோர் அதனைக் கேட்டுத்தான் அறிய வேண்டியுள்ளது.