லெஸ்டரை ஸ்லைடுல போடாதீங்க சாமிகளா!

போன மாசம் ஆபீஸ்ல எல்லாரையும் ஒரு ஹால்ல உட்கார வச்சு மீட்டிங். ஆறு பேர் செஞ்ச வேலையை இனிமே நாலு பேர் செய்யணும், அவ்வளவுதான் மேட்டர். ஆனா அதை நேரா சொல்லிட்டா அப்புறம் மேனேஜர் எதுக்கு? ஸ்லைடு போட்டாங்க. மூணாவது ஸ்லைடுல நீல ஜெர்சி போட்ட ஒரு கும்பல் கோப்பையைத் தூக்கிட்டு நிக்குது. மேல பெரிய எழுத்துல "5000-க்கு 1". லெஸ்டர் சிட்டி, 2016. அவங்களால முடிஞ்சா உங்களால முடியாதாங்கிற ரேஞ்சுல ஒரு பேச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும்தான் தட்டினேன், இஎம்ஐ இருக்குல்ல.

ஆனா மனசுக்குள்ள சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா அது எங்க ராத்திரி.

2016 மே 2. நம்ம ஊர்க் கணக்குல மூணாம் தேதி ஆகி, மணி பன்னெண்டரை. கோயம்புத்தூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல், செமஸ்டர் பரீட்சை நேரம். அன்னிக்கு லெஸ்டர் ஆடவே இல்ல. டாட்டன்ஹாம் செல்சீயை ஜெயிக்கலைன்னா லெஸ்டர் சாம்பியன். டாட்டன்ஹாம் முதல் பாதியிலேயே 2-0. சரி, படிக்கவாவது செய்யலாம்னு புத்தகத்தைத் திறந்தோம். இரண்டாம் பாதியில செல்சீ ஒண்ணு போட்டுச்சு. 83-வது நிமிஷம் ஹசார்ட் பந்தோட உள்ள வர்றான், லேப்டாப்புல படம் அப்படியே நின்னு போச்சு! சுத்திக்கிட்டே இருக்கு. பக்கத்து ரூம்ல இருந்து ஒரு அலறல் கேட்டுச்சு பாருங்க... அதுலதான் எங்களுக்கு கோல்னு தெரிஞ்சது. வார்டன் வந்து ரூம் நம்பர் எழுதிட்டுப் போனது தனிக்கதை.

அதுக்கு அப்புறம் ரொம்ப நாள் நானும் இதே ஸ்லைடு வசனத்தைத்தான் பேசிட்டுத் திரிஞ்சேன். யார் வேணா ஜெயிக்கலாம் மச்சான்னு. இப்ப யோசிச்சா அந்த வருஷம் சொன்னது அது இல்லைன்னு தோணுது.

முதல்ல அந்த 5000. பத்து பவுண்டு கட்டினா ஐம்பதாயிரம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ப்ராபபிலிட்டி பேப்பர்ல (அரியர் வச்சவங்க அடுத்த பாராவுக்குப் போயிடலாம்) ஐயாயிரத்துல ஒண்ணுன்னா என்ன அர்த்தம்? இங்கிலாந்துல லீக் ஆரம்பிச்சதே 1888-லதான். அதுக்குள்ள 1978-ல நாட்டிங்காம் ஃபாரஸ்ட், கீழ் டிவிஷன்ல இருந்து மேல வந்த முதல் சீசன்லயே சாம்பியன் ஆச்சு. ஜெர்மனியில 1998-ல கைசர்ஸ்லாட்டர்ன் அதே வேலையைப் பண்ணுச்சு. அப்ப அந்த 5000 கணக்குப் போட்டு வந்த நம்பர் இல்லைங்க. 'இது நடக்காது' என்பதற்கு ஒட்டின ஸ்டிக்கர். அதை வச்சு மத்தவங்களை ஓட வைக்கிறது அநியாயம்.

அடுத்தது, லெஸ்டர் எப்படி ஜெயிச்சாங்க? உழைப்பு, சத்தியமா உழைப்பு. ஜேமி வார்டி ஃபேக்டரி வேலைக்குப் போய்க்கிட்டே லோக்கல் டீம்ல ஆடினவர். அந்த சீசன்ல தொடர்ந்து 11 மேட்ச்ல கோல் போட்டார். மஹ்ரெஸ்ஸை பிரான்ஸ்ல ரெண்டாம் டிவிஷன்ல இருந்து சல்லிசா தூக்கிட்டு வந்தாங்க. கோச் ரனியெரி அதுக்கு முன்னாடி கிரீஸ் டீமை வச்சுக்கிட்டு சொந்த மண்ணுல ஃபாரோ தீவுகிட்ட தோத்து வேலையை இழந்தவர். இதெல்லாம் ஸ்லைடுல வரும்.

வராதது என்னன்னா, அந்த வருஷம் பெரிய கைகள் எல்லாம் ஒரே நேரத்துல தூங்கிட்டாங்க. முந்தின வருஷ சாம்பியன் செல்சீ பத்தாவது இடம். டிசம்பர்ல லெஸ்டர்கிட்ட தோத்த அதே வாரம் மொரினியோ வீட்டுக்குப் போனார். மான்செஸ்டர் சிட்டி, அடுத்த சீசனுக்கு கார்டியோலா வர்றார்னு பிப்ரவரியிலேயே அறிவிச்சுட்டு வண்டியை நியூட்ரல்ல போட்டுடுச்சு. லெஸ்டருக்கு ஐரோப்பிய ஆட்டமும் கிடையாது, பெரிய காயமும் கிடையாது. ஒரே பதினோரு பேர், வாரம் ஒரு மேட்ச். அப்புறம் லெஸ்டர் ஒண்ணும் ஏழை வீட்டுப் பிள்ளையும் இல்ல, முதலாளி தாய்லாந்து கோடீஸ்வரர். வாய்ப்பு வந்துச்சு, ரெடியா இருந்தாங்க, எடுத்துக்கிட்டாங்க. பெருமைதான். ஆனா நாலு பேரை வச்சு ஆறு பேர் வேலை வாங்குறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தூங்கினவங்க முழிச்சப்போ என்ன பண்ணாங்கன்னு பாருங்க. லெஸ்டர் டேபிள்ல முதலிடத்துல இருந்த அந்த மார்ச் மாசமே இங்கிலாந்தின் அஞ்சு பெரிய கிளப் நிர்வாகிகள் லண்டன்ல ஒரு ஹோட்டல்ல கூடினாங்க. கூட இருந்த அமெரிக்க ஏற்பாட்டாளர் ஒருத்தர் அப்புறம் ரேடியோவுல, இந்த ஆட்டத்தோட கதைக்கு அதிகம் கொடுத்தது மான்செஸ்டர் யுனைடெட்டா லெஸ்டரான்னு வெளிப்படையாவே கேட்டார். ஆகஸ்ட்ல யூஃபா அறிவிப்பு வந்துடுச்சு: 2018-ல இருந்து தரவரிசையில முதல் நாலு நாட்டு லீகுக்கும் சாம்பியன்ஸ் லீக் குரூப்ல தலா நாலு இடம் கேரண்டி. மொத்தம் 32-ல 16 போச்சு. மிச்சத்துக்கு ஐரோப்பாவுல இருக்கிற மத்த நாடெல்லாம் அடிச்சுக்கணும். 2021-ல பன்னெண்டு கிளப் சேர்ந்து சூப்பர் லீக்னு தனிக்கடை போடப் பார்த்து, ரசிகர்கள் ரோட்டுக்கு வந்ததும் மூணே நாள்ல பின்வாங்கினது எல்லாருக்கும் தெரியும். ஆனா திறந்திருந்த ஜன்னலுக்கு தாழ்ப்பாள் அடிக்கிற வேலை 2016-லயே ஆரம்பிச்சாச்சு.

லெஸ்டருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னும் ஸ்லைடுல வராது. காண்டே அந்த ஜூலையிலேயே செல்சீ போய், அடுத்த வருஷம் அங்க சாம்பியன். கோப்பை தூக்கி பத்து மாசம் முடியறதுக்குள்ள, 2017 பிப்ரவரியில ரனியெரியை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. (மேனேஜர் சார், நோட் பண்ணுங்க.) 2023-ல லெஸ்டர் கீழ் டிவிஷனுக்கு இறங்கி, ஏறி, 2025-ல மறுபடி இறங்குச்சு.

ஐஸ்லாந்தையும் இதே மாதிரி 'மிராக்கிள்' லிஸ்ட்ல சேர்த்துடுறாங்க, அதுவும் தப்பு. அந்த 2016 ஜூன் 27 இருக்கே, எனக்கு மறக்காது. காலையில அமெரிக்காவுல கோபா ஃபைனல்: மெஸ்ஸி பெனால்டியை வானத்துக்கு அடிச்சு, சிலிகிட்ட தோத்து, தேசிய டீம்ல இனி ஆட மாட்டேன்னு சொல்லிட்டார் (ஆகஸ்ட்ல திரும்பிட்டார், அது வேற). நாள் பூரா யாரும் சாப்பிடல. அன்னிக்கு ராத்திரியே யூரோவுல ஐஸ்லாந்து இங்கிலாந்தை 2-1 ஜெயிச்சுது. மூணேகால் லட்சம் சொச்சம் ஜனத்தொகை. அவங்க கோச்சுல ஒருத்தர் பல் டாக்டர். ஆஹா மிராக்கிள்! ஆனா அந்த நாட்டுக்காரங்க 2000-க்கு அப்புறம் பனிக்காலத்துலயும் பசங்க ஆடுற மாதிரி ஊர் ஊரா கூரை போட்ட மைதானம் கட்டி, குழந்தைங்க டீமுக்குக்கூட முறையா படிச்ச கோச் போட்டாங்க. பதினஞ்சு வருஷ முதலீடு. நம்ம ஸ்லைடுகாரங்களுக்கு முதலீடுன்னா மட்டும் காது கேட்காது.

சரி, 2016-ல இருந்து ஒரு ஸ்லைடு போட்டே ஆகணும்னா என் சாய்ஸ் வேற.

பிரேசில்ல ஷாப்பகோன்னு ஒரு ஊர். அந்த ஊர் டீம் ஷாப்பகோயென்ஸே 2009-ல நாலாவது டிவிஷன்ல இருந்துச்சு. 2014-ல முதல் டிவிஷன். 2016-ல கோபா சுடமெரிக்கானா ஃபைனலுக்கே வந்துட்டாங்க. செமி ஃபைனல்ல கடைசி நிமிஷம் காலால பந்தைத் தடுத்து டீமைக் காப்பாத்தினவர் கோல்கீப்பர் டனிலோ. ஃபைனல் முதல் ஆட்டத்துக்கு கொலம்பியாவின் மெடலின் நகருக்கு விமானத்துல போறாங்க, நவம்பர் 28. வழியில இறங்கி எரிபொருள் நிரப்பியிருக்கணும், நிரப்பல. ஊரை நெருங்குற நேரத்துல டேங்க் காலி. இருந்த 77 பேர்ல 71 பேர் செத்துட்டாங்க. டனிலோவும். பிழைச்சவங்கள்ல மூணு பேர்தான் ஆட்டக்காரங்க. அதுல ஒருத்தருக்கு கால் போச்சு.

எதிர்த்து ஆட இருந்தது மெடலின் டீம் அட்லெடிகோ நாசியோனால். அந்த வருஷ கோபா லிபர்டடோரெஸ் சாம்பியன், பெரிய கை. ஆட்டமில்லாமலே கோப்பை அவங்க கைக்கு வந்திருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அவங்க, கோப்பையை ஷாப்பகோயென்ஸேவுக்குக் கொடுங்கன்னு எழுதிக் கொடுத்தாங்க. டிசம்பர் 5 அன்னிக்கு அப்படியே அறிவிச்சாங்க. ஃபைனல் நடக்க வேண்டிய ராத்திரி, வர மாட்டாங்கன்னு தெரிஞ்ச டீமுக்காக அந்த ஊர் ஜனம் வெள்ளைச் சட்டையில, மெழுகுவத்தியோட ஸ்டேடியத்தை நிரப்பி உட்கார்ந்திருந்தது. உள்ளே இடம் இல்லாம வெளியேயும் கூட்டம். வீடியோவை ஹாஸ்டல்ல எட்டு பேர் சேர்ந்து பார்த்தோம். வழக்கமா கமெண்ட் அடிக்கிறவன்கூட வாயைத் திறக்கல.

மீட்டிங் முடிஞ்சு டீ மெஷின் பக்கத்துல மேனேஜரைப் பார்த்தேன். ஃபுட்பால் பிடிக்குமான்னு கேட்டார். இந்தக் கதையைச் சொன்னேன். நல்ல மனுஷன், கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் கப்பைத் தடவிக்கிட்டே, "நல்லாருக்கு, ஆனா நம்ம தீமுக்கு செட் ஆகாதே" என்றார்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். சுடமெரிக்கானா சாம்பியனும் லிபர்டடோரெஸ் சாம்பியனும் அடுத்த வருஷம் ரெகோபான்னு ஒரு கோப்பைக்கு மோதணும். அதனால 2017-ல அதே ரெண்டு டீம் நேருக்கு நேர். புதுசா ஆள் சேர்த்து வந்த ஷாப்பகோயென்ஸே முதல் ஆட்டத்தை சொந்த ஊர்ல 2-1 ஜெயிச்சுது. ரெண்டாவது ஆட்டம் மெடலின்ல. அங்க நாசியோனால் எதையும் விட்டுக் கொடுக்கல. 4-1 அடிச்சு கோப்பையை எடுத்துக்கிட்டாங்க.