பழுப்பு நிறம் அழுக்கல்ல

ராக்கி மலைப் பக்கம் எல்க் மான் வேட்டைக் காலம் தொடங்கினால், கூடவே ஒரு யோசனையும் கிளம்பிவிடுகிறது: மானின் தந்தப் பற்களை பிளீச்சில் ஊறப்போடுங்கள், முத்துப்போல வெளுத்துவிடும். இந்த ஆண்டும் அதே பேச்சு. கேட்கக் கேட்க எரிச்சல் வருகிறது. எல்க்கின் மேல்தாடையில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் கோரைப்பற்களைத்தான் வேட்டைக்காரர்கள் தந்தம் என்கிறார்கள். சும்மா அழகுக்குச் சொல்வதல்ல. யானைத் தந்தமும் இதுவும் டென்டைன் என்ற ஒரே பொருளால் ஆனவை. இந்த மான்களின் மூதாதைகளுக்குக் கோரைப்பல் நீண்டு வெளியே தெரிந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கேளையாட்டுக் கிடாவுக்கு இன்றும் அப்படித்தான். எல்க்கில் அது குறுகி, விரல்நுனி அளவு உருண்டைப் பல்லாக எஞ்சியிருக்கிறது. தின்ற தழையின் சாறு ஆண்டுக்கணக்கில் ஊறியதால் அதன் நுனியில் தேன் நிறமும் பழுப்பும் படிகின்றன. அந்த நிறத்தைத்தான் அழுக்கு என்று உரித்தெடுக்கச் சொல்கிறார்கள். கோயில் தூண்களில் மணல் வீச்சு நடத்திக் கல்வெட்டுகளை மழுங்கடித்தவர்கள் மீது வரும் கோபம்தான் இதுவும்.

பல்லைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஈறோடு அறுத்தெடுத்த பல்லில் ஒட்டியிருக்கும் சதை அழுகும். வேர்க்குழியில் இருக்கும் கூழும் நாறும். பச்சைத் தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே வந்தால் சில நாட்களில் சதை தானாகக் கழன்றுவிடும். மிச்சத்தை மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம், குழியை மெல்லிய கம்பியால் துழாவலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் கொஞ்ச நேரம் வைத்து, அலசி, நிழலில் உலர்த்தினால் வேலை முடிந்தது. டென்டைனின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் தாதுப்பொருள், 20 சதவீதம் கொலாஜன் முதலான கரிமப் பொருள், மீதி தண்ணீர். பிளீச் அந்தக் கொலாஜனைக் கரைத்துவிடும். அப்புறம் நிற்பது பிடிமானம் போன சுண்ணாம்பு. இன்று வெள்ளையாகத் தெரியும், நாளை பொரிந்து உதிரும். கொதிக்க வைத்தாலோ, வெயிலில் சட்டென்று காயவைத்தாலோ பல் சுருங்கி வெடிக்கும்.

இது பொருளுக்கு வரும் சேதம். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். சைபீரியாவின் டெனிசோவா குகையில் 2019இல் ஒரு பதக்கம் கிடைத்தது. துளையிட்ட மான் பல். கையுறையும் முகக்கவசமும் அணிந்து அதைத் தோண்டி எடுத்தார்கள். லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் எலெனா எசெல், மத்தியாஸ் மேயர் குழுவினர் அதைச் சுரண்டவில்லை, துளை போடவில்லை. சோடியம் பாஸ்பேட் கரைசலில் அமிழ்த்தி, படிப்படியாக 90 டிகிரி வரை சூடேற்றி, கரைசலில் இறங்கிய மரபணுவைப் படித்தார்கள். 2023இல் நேச்சர் இதழில் முடிவு வெளியானது. பல் வாப்பிட்டி மானுடையது, அதாவது இதே எல்க். அதைத் தொட்டுப் புழங்கியவர் ஒரு பெண். காலம் சுமார் 19,000 முதல் 25,000 ஆண்டுகளுக்கு முன்பு. அவருடைய உறவினம் சைபீரியாவின் இன்னும் கிழக்கே வாழ்ந்த பழைய மக்கள். பெயரில்லை, எலும்பில்லை, கல்லறை இல்லை. டென்டைனின் நுண்துளைகளில் இறங்கிய வியர்வையும் தோல்துகளும்தான் சாட்சி. அதே குழு முதலில் சோதித்துப் பார்த்த பிரான்சின் கென்சே குகைப் பொருட்களில் பெரும்பாலும் கிடைத்தது, 1970களிலிருந்து அவற்றை வெறுங்கையால் எடுத்தாண்ட நம் காலத்து மனிதர்களின் மரபணு. அப்படிப் பதிந்துகொள்ளும் ஒரு பொருளை நாம் துணி வெளுக்கும் திரவத்தில் போடுகிறோம்!

விஞ்ஞானிகளே 90 டிகிரிக்குச் சூடாக்கினார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் பல ரசாயனங்களைச் சோதித்து, மேற்பரப்பைச் சிதைப்பவற்றை எல்லாம் ஒதுக்கிய பிறகே அந்தக் கரைசலைத் தேர்ந்தார்கள். அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தில் அந்த நிதானத்துக்கு இடமில்லை. என் மான், என் பல், எந்த ஆராய்ச்சிக்கூடம் இதைத் தேடி வரப்போகிறது என்பது அடுத்த வாதம். டெனிசோவாப் பெண்ணும் ஆராய்ச்சிக்கூடத்துக்காக அதை அணியவில்லை. நிறத்தைக் காப்பாற்றக் கூடுதல் செலவும் இல்லை. ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால் போதும். பவேரியா, ஆஸ்திரியா வேட்டைக்காரர்கள் செம்மான் பல்லை நகையில் பதிக்கும்போது நடுவில் பழுப்பு ஆழமாக ஓடும் பல்லையே உயர்வாக மதிக்கிறார்கள் என்பதையும் வெள்ளைப் பிரியர்கள் கவனிக்கட்டும்.

இந்தப் பல்லுக்கு மதிப்பு ஏற்றுவதே ஆபத்து என்ற எதிர்ப்புதான் கனமானது. க்ரோ பழங்குடிப் பெண்களின் உடையில் இந்தப் பற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். மானுக்கு இரண்டே பல் என்பதால் அந்த உடை பல ஆண்டு வேட்டையின் கணக்கு. போதாதபோது எலும்பில் அதே வடிவம் செதுக்கித் தைத்தார்கள். அங்கே மதிப்பு மானை அழிக்கவில்லை. ஆனால் 1868இல் நியூயார்க்கில் தொடங்கிய எல்க்ஸ் சகோதர சங்கத்தார் கடிகாரச் சங்கிலியில் இந்தப் பல்லைத் தொங்கவிடும் வழக்கம் பரவியபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யெல்லோஸ்டோன் சுற்றுவட்டாரத்தில் பல்லுக்காகவே மானைச் சுட்டு, உடலைக் கிடந்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள். கடைக்கு வந்த பல்லில் எந்த மான், எந்தக் காடு என்ற தடயம் எதுவும் கிடையாது. திருட்டு வேட்டைக்காரனுக்கு வசதியானது அந்த முகமின்மைதான். வெளுத்து மெருகேற்றிய பல் அதை அவனுக்கு இலவசமாகத் தருகிறது. ஆகவே பல்லை உலர்த்தியதும் பருத்தித் துணியில் சுற்றி ஒரு சின்னப் பெட்டியில் வையுங்கள். வேட்டையாடிய இடம், தேதி, மான் ஆணா பெண்ணா, உரிமச் சீட்டின் எண், எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி அந்தத் துண்டுச்சீட்டையும் உள்ளே போடுங்கள்.